மருமகளுக்கு இடம் கிடைத்த ஆடி மாதம்

"அடுத்த ரவுண்டுல வேற இடம் கேக்கியளாம்மா?"

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அலுவலர் தலையைத் தூக்காமலே கேட்டார். என் மருமகள் பூர்ணிமா திரும்பி, சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

என் மடியில் பேத்தி தாரணி தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டரை வயது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அது திருநெல்வேலியில் மருத்துவக் கல்லூரியின் நீளமான கூடம். மேலே ஆறு மின்விசிறிகள், ஆறும் ஆறு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. சன்னலுக்கு வெளியே வேப்ப மரம் ஒன்று காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடியும் சாய்ந்தது.

"வேற கிடைச்சா இந்த இடம் போயிரும். யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் அலுவலர்.

யோசிக்க என்ன இருக்கிறது, கேள் அம்மா, கேள் என்று எனக்குள் ஒருவன் கத்தினான். அந்த ஆடி மாதம் முழுவதும் நான் காத்திருந்தது அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

அவள் பார்வைக்கும் பதிலுக்கும் நடுவில் அதிக நேரம் போயிருக்காது. ஆனால் அந்த இடைவெளியில் நூம்பலும், எங்கள் வீட்டு மாடியும், அம்மன் கோயில் ஒலிபெருக்கியும் மெல்ல மிதந்து போயின. அதையெல்லாம் சொல்லிவிட்டு அந்தப் பெஞ்சுக்கே திரும்பி வருகிறேன்.

காத்திருந்த வீடு

இந்தத் தொடரில் சென்ற வாரம் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற கதையோடு நிறுத்தினேன். அதற்குப் பின் வந்த சில வருஷங்களைத் தாண்டி விடுகிறேன். மூட்டு வலியையும் என் மனைவியின் மறைவையும் தவிர அவற்றில் எதுவும் நடக்கவில்லை. இரண்டையும் பற்றி எழுத இன்னும் தைரியம் வரவில்லை.

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் நூம்பலில் எங்கள் வீடு ஏரிக்குப் போகிற பாதையில் இருக்கிறது. ஒரு காலத்தில் எங்களுக்கு நிலம் இருந்தது. இப்போது அந்த நிலத்தின் மேல் மூன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. மொத்தம் முப்பத்தாறு பால்கனிகள். அவற்றில் துணி காயாத பால்கனியை நான் பார்த்ததில்லை.

நான் எண்ணுகிறவன். தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் இருந்தபோது மரையாணிகளை எண்ணிப் பழகிய வியாதி அது. ஓய்வு பெற்ற பிறகு குக்கர் விசில், மின்கம்பியில் உட்காரும் மைனா, போரூர் பக்கம் போகிற தண்ணீர் லாரி என்று எதையாவது எண்ணுவேன். எண்ணிக்கை சரியாக வந்தால் நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் அடங்கும். சரியாக வராவிட்டால் அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று தொடங்கிவிடும்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். என் மகன் முருகவேல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். அவன் மனைவி பூர்ணிமா எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டுக் கள்ளிக்குப்பத்தில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் டியூட்டி டாக்டர். தாரணி. நான்.

பூர்ணிமாவின் அப்பா எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். அவருடைய அப்பா எங்களைப் போன்ற குடும்பங்களின் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். கல்யாணத்தின்போது ஊரில் முணுமுணுத்தவர்கள் உண்டு. வரவேற்புக்கு வந்து சாப்பிடாமல் போனவர்களை நான் எண்ணி வைத்திருக்கிறேன், பதினோரு பேர். அதில் ஒன்பது பேர் பிற்பாடு ரத்த அழுத்தம் பார்க்க எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். மீதி இரண்டு பேருக்கு ரத்த அழுத்தம் இல்லை போலிருக்கிறது.

எது முதலில்?

மேல்படிப்புக்கு அவள் தேர்வு எழுதிவிட்டாள். மதிப்பெண்ணும் சுமாராக நன்றாகவே வந்தது. அதற்குப் பிறகு நடப்பதுதான் பெரிய கூத்து. எந்தக் கல்லூரியில் எந்தத் துறை வேண்டும் என்று விருப்பங்களை வரிசையாகக் கணினியில் பதிய வேண்டும். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, அவளுடைய மதிப்பெண்ணுக்கு முதலில் எட்டுகிற இடத்தை ஒதுக்குவார்கள். மூன்று வருஷம் அங்கேதான் இருக்க வேண்டும். பகல், ராத்திரி என்ற கணக்கெல்லாம் அந்தப் படிப்பில் கிடையாது.

நான் என் யோசனையைச் சொன்னேன். முதலில் வேலப்பன்சாவடியிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய கல்லூரிகள். பிறகு இரண்டு பஸ் மாறவேண்டியவை. துறை எதுவாக இருந்தாலும் சரி. டாக்டர் என்றால் டாக்டர்தானே?

"மாமா, நீங்க சொல்றபடி போட்டா எனக்கு ரத்தப் பரிசோதனைத் துறைதான் கிடைக்கும்," என்றாள் பூர்ணிமா.

"அதுல என்னம்மா குறை? ஏசி ரூம். ராத்திரி கூப்பிட மாட்டாங்க."

"குறை ஒண்ணும் இல்ல. எனக்குக் குழந்தைகள் மருத்துவம் வேணும். மொதல்ல அது. அப்புறந்தான் ஊரு."

முருகவேல் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். "நைனா, அவதான படிக்கப் போறா. நீ இன்னாத்துக்கு டென்சன் ஆவுற?"

எனக்கு ஏன் டென்ஷன் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. அவள் வெளியூர் போனால் குழந்தை என்ன ஆகும்? அவளோடு போனால் விடுதியில் வைத்துக்கொள்ள முடியாது. இங்கே இருந்தால் அம்மா இல்லை. பூர்ணிமாவின் அம்மா ஏற்றுமதி ஆடை கம்பெனிக்குக் காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். இப்படி எந்தப் பக்கம் கூட்டிப் பார்த்தாலும் ஒன்று குறைந்தது.

அவள் பிடிவாதத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். ஒரு சாயங்காலம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கைக்குழந்தையை வலிப்போடு தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். எங்கள் சாப்பாட்டு மேசை மேலேயே படுக்க வைத்து முதல் உதவி செய்து, ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. அன்று அவள் சாப்பிடாமல் அந்த மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அதான் பொழச்சிடுச்சே," என்றேன்.

"எனக்கு அனுப்பி வைக்க மட்டுந்தான் தெரியுது மாமா," என்றாள்.

மிதந்த நாட்கள்

விருப்பங்களைப் பதிந்து முடித்த பிறகு எங்களிடம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் தண்ணீருக்கு அடியில் கேட்கிற ஓசை போலத்தான் நினைவு வருகிறது.

ஆடிக் காற்று மத்தியானத்தில் எழும்பும். மாடியில் காய்கிற புடவைகள் பாய்மரம் போல உப்பும். தாரணி அவற்றின் அடியில் புகுந்து புகுந்து ஓடுவாள். ஒரு பச்சைப் புடவைக்குள் போனவள் மஞ்சள் புடவையிலிருந்து வெளியே வருவாள். பார்க்கப் பார்க்க எனக்குக் கண் சொக்கும். எத்தனை புடவை என்று எண்ணத் தொடங்கி நடுவில் தூங்கிப் போவேன்.

ஏரியில் அந்த வருஷம் தண்ணீர் இருந்தது. ஆகாயத்தாமரை மூடாத இடத்தில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வைத்துக்கொண்டு, துணி உலர்த்துகிறவர்கள் போல நின்றன. பூர்ணிமா நர்சிங் ஹோமிலிருந்து திரும்பி வந்தால் கரையில் சிறிது நேரம் நிற்பாள். கையில் போன் இருக்கும். அதை அவள் பார்ப்பதில்லை, பிடித்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

ஊரில் எல்லோருக்கும் அவள் ஏதோ காத்திருக்கிறாள் என்று தெரியும். எதற்கு என்றுதான் புரியவில்லை. எங்கள் கோயில் விழாக் குழுத் தலைவர் கன்னியப்பன், பால் வியாபாரி, என்னைவிட நான்கு வயது சின்னவர். ஒரு நாள் பாதையில் மறித்துக்கொண்டார்.

"இன்னா அண்ணாத்தே, டாக்டரம்மாவுக்கு இன்னும் படிப்பு முடியலயா?"

"இது மேல்படிப்பு கன்னியப்பா."

"அது படிக்க ஆரம்பிச்சப்போ வாங்குன எருமை நாலு ஈத்து ஈனிருச்சு. இன்னும் மேல இன்னா கீது?"

"குழந்தைகள் மருத்துவம்."

"இப்ப மட்டும் கொழந்தைக்குப் பாக்கலயா? என் பேரனுக்கு ஊசி போட்டுச்சே. அவன் இன்னமும் ஒங்க ஊட்டப் பாத்தா சுத்திகினு போறான்."

இப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிச் சொல்லி, நானே கால்வாசி டாக்டர் ஆகிவிட்டேன்.

என் காலத்தில் தொழிற்சாலை நேர்முகத் தேர்வுக்கு அட்டை வருமா என்று நானும் காத்திருந்திருக்கிறேன். தபால்காரர் மணி தெருமுனையில் அடித்ததும் நெஞ்சு எகிறும். அவர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனதும் அன்றைய காத்திருப்பு முடிந்துவிடும். மறுநாள் வரை விடுதலை. இவர்களுக்கு அப்படி விடுதலை இல்லை. பாக்கெட்டுக்குள்ளேயே தபால்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

மகன் கையில் காப்பு

எங்கள் ஊர் அம்மனுக்கு ஆடி மாதம் திருவிழா. முதல் நாள் காப்புக் கட்டுவார்கள். பழைய குடும்பங்களிலிருந்து வீட்டுக்கு ஓர் ஆண், மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கும் வேப்பிலையும் வைத்து வலது மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டியவன் கறி, மீன், முட்டை தொடக்கூடாது. பகலில் வேலைக்குப் போகலாம். ஆனால் பொழுது சாய்வதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். விழா முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை ஒரு ராத்திரிகூட வெளியே தங்கக்கூடாது.

என் மூட்டு மடங்காமல் போன பிறகு எங்கள் வீட்டிலிருந்து யாரும் கட்டவில்லை. அந்த வருஷம் நான் முருகவேலைப் பிடித்துக்கொண்டேன்.

"நைனா, ஷிப்ட் மாத்தணும். சூப்பர்வைசர் கொதறிடுவான்."

"அம்மனுக்குக் கட்டுறேன்னு சொல்லு. அவரும் மாங்காட்டுக்காரர்தானே, புரிஞ்சுக்குவார்."

"எதுக்கு நைனா திடீர்னு?"

எதற்கு என்று அவனிடம் நேராகச் சொல்லவில்லை. பூசாரி அவன் கையில் காப்புக் கட்டும்போது நான் பின்னால் நின்று அம்மனிடம் சொன்னேன். பக்கத்திலேயே ஓர் இடம் கொடு, ஒரே பஸ்ஸில் போய் வருகிற மாதிரி. இரண்டு பஸ்ஸானாலும் பரவாயில்லை. குழந்தையை என் கண்ணிலிருந்து தூரமாக்கிவிடாதே, அதன் அம்மாவையும் குழந்தையின் கண்ணிலிருந்து தூரமாக்கிவிடாதே.

வாய்க்குள்தான் சொன்னேன். ஆனாலும் பூர்ணிமாவுக்குக் கேட்டுவிட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போது, "அம்மனுக்குக் கவுன்சிலிங் ரூல்ஸ் எல்லாம் தெரியுமா மாமா?" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். முருகவேல்தான் சிரித்தான்.

கூழ் வார்த்த மத்தியானம்

கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை. கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு அலறியது. காற்று திசை மாறும்போதெல்லாம் அந்தப் பாட்டு தூரத்துக்குப் போய், மெலிந்து, மறுபடி பக்கத்தில் வந்தது. எங்கள் வாசலில் கேழ்வரகுக் கூழ் அண்டாவைச் சுற்றி வரிசை. முருகவேல் ஊற்றினான். நான் வருகிற சொம்புகளை எண்ணினேன். நாற்பத்து மூன்றாவது சொம்பின்போது வீட்டுக்குள்ளிருந்து பூர்ணிமாவின் குரல் கேட்டது.

"பீடியாட்ரிக்ஸ்!"

அவள் வாசலுக்கு வந்தாள். ஒரு கையில் போன். மறு கையில் வெங்காயம் நறுக்கிய கத்தி. கண்ணில் தண்ணீர். வெங்காயமா வேறா தெரியவில்லை. முருகவேல் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். வரிசையில் நின்ற பெண்கள் என்னவென்று தெரியாமலே குலவையிட்டார்கள்.

"எங்கம்மா?" என்றேன்.

"திருநெல்வேலி மாமா."

நான் சொம்புகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். கடைசியில் அன்று எத்தனை பேர் கூழ் வாங்கினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வாரத்துக்குள்ளேயே நேரில் போய்ச் சேர வேண்டும். அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். முருகவேல், "நான் கூட்டிகினு போறேன்," என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினான். நீட்டிய கையில் காப்பு இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

நான் கன்னியப்பனிடம் போனேன். நடுவில் அவிழ்க்க வழி உண்டா என்று கேட்டேன்.

"அண்ணாத்தே, புள்ளைய இஸ்துகினு வந்து நீதான கட்டச் சொன்ன? இப்ப நீயே வந்து அவுக்கச் சொல்றியே!"

"ரெண்டே ராத்திரிதான் கன்னியப்பா."

"ஊரே தலையில கூழ்ப் பானை தூக்கிகினு கீது. ஒருத்தன் அவுத்தா நாளைக்கு எல்லாரும் ஒரு காரணம் சொல்லுவான். நீ போயேன். நீ கட்டல இல்ல?"

"என் முட்டி..."

"ரயிலு தான ஓடப் போவுது? நீயா ஓடப் போற?"

பூர்ணிமா தனியாகவே போயிருப்பாள். அதற்கெல்லாம் அஞ்சுகிறவள் அல்ல. ஆனால் தாரணி அவளை விட்டு ஒரு ராத்திரிகூட இருந்ததில்லை. கூடத்தில் அவள் வரிசையில் நிற்கும்போது குழந்தையை வைத்துக்கொள்ள ஒரு மடி வேண்டியிருந்தது. அந்த மடியாகத்தான் நான் புறப்பட்டேன்.

சன்னலோரம்

எழும்பூரில் காலை ரயில். பதினேழு பெட்டிகள் வரை எண்ணினேன், பிறகு கூட்டம் மறைத்துவிட்டது.

விழுப்புரம் தாண்டியதும் பூர்ணிமா சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். எத்தனையோ மாதத் தூக்கம் அது. வெயிலும் நிழலும் அவள் முகத்தின் மேல் மாறி மாறி ஓடின. தாரணி என் மடியில் நின்றுகொண்டு போகிற மாடுகளுக்கெல்லாம் டாட்டா காட்டினாள்.

நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். இந்த இடத்தில் சேர்ந்துவிட்டு, அடுத்த சுற்றில் வேறு இடம் கேட்கலாம் என்று முருகவேல் சொல்லியிருந்தான். கேட்டால் சென்னையில் ஏதாவது ஒன்று கிடைக்கும். எந்தத் துறை என்றுதான் தெரியாது. அவள் கண் விழித்ததும் சொல்ல வேண்டும் என்று வாக்கியத்தைக் கோத்தேன். திருச்சியில் கோத்தது மதுரையில் அவிழ்ந்துவிட்டது.

அவள் விழித்தபோது ரயில் கரிசல் நிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பொழுது சாய்கிற வெளிச்சத்தில் காற்றாலைகள், ஒன்றன் பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் கை சுழற்றிக்கொண்டிருந்தன. தாரணி அவற்றை எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, ரெண்டு." நான் திருத்தவில்லை.

"மாமா, நீங்க ஏதோ சொல்லணும்னு நெனைக்கிறீங்க," என்றாள் பூர்ணிமா.

"தண்ணி குடிம்மா," என்றேன்.

மறுபடியும் அந்தப் பெஞ்சு

அலுவலர் கேட்டார். பூர்ணிமா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"மாமா, அவ தல தொங்குது பாருங்க. கொஞ்சம் தூக்கிப் பிடிங்க," என்றாள்.

அதற்காகத்தான் திரும்பியிருக்கிறாள். நான் குழந்தையின் தலையை என் முழங்கையில் ஏற்றி வைத்தேன். அவள் மேசைப் பக்கம் திரும்பினாள்.

"வேண்டாம் சார். இதுவே போதும்."

அலுவலர் முதல் முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். "நல்லதும்மா," என்றார். முத்திரை விழுந்தது. அந்தச் சத்தத்துக்குத் தாரணியின் இமை ஒரு முறை துடித்து அடங்கியது.

சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு பூர்ணிமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏற்கெனவே மனப்பாடம் செய்து வைத்திருந்ததைப் போலத் தொடங்கினாள்.

"தாரு நூம்பல்லயே இருக்கட்டும் மாமா. உங்ககிட்ட நல்லா இருப்பா. நான் லீவு கெடைக்கிறப்பல்லாம் வந்துடுறேன். தோசையில ஓரம் சாப்பிட மாட்டா, பிச்சு எடுத்துடணும். இருமல் வந்தா உடனே மருந்து குடுக்காதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க. குளிக்க வைக்கும்போது தலையில தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி சொல்லணும், இல்லன்னா அழுவா."

குழந்தை என்னிடம் இருக்கும் என்கிறாள். அம்மனிடம் நான் கேட்டதில் பாதி கிடைத்துவிட்டது. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

"அப்புறம், தூங்கும்போது என் காதப் பிடிச்சுக்குவா. காது மடல. நீங்க உங்க காதக் குடுங்க. ரெண்டு நாள்ல பழகிடுவா."

அந்த நேரம் பார்த்துத் தாரணி தூக்கத்தில் புரண்டாள். கை மேலே வந்தது. என் கழுத்து, தாடை என்று தடவித் தடவி ஏறிக் காதைப் பிடித்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். சின்ன விரல்கள் மடலை ஒரு முறை உருட்டிப் பார்த்தன. என் காதில் முடி அடர்த்தி. விரல்கள் அந்த முடியில் நின்றன. பிறகு சுட்டுக்கொண்டது போல விலகின. கண்ணைத் திறக்காமலே உதடு பிதுங்கி, முகம் கோணி, ஓங்கி ஓர் அழுகை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பூர்ணிமா அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கை தானாகப் போய் அம்மாவின் காதைப் பிடித்தது. அழுகை நின்றது. பூர்ணிமா என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தாள். அந்த வேப்ப மரத்தையே வெகுநேரம் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொள்ள அவளுக்குக் கை இல்லை. இரண்டு கையும் குழந்தையைப் பிடித்திருந்தன.

"இங்க பக்கத்துல வாடகைக்கு வீடு கிடைக்குமான்னு யார்கிட்ட கேக்கலாம்?" என்றேன்.

"எதுக்கு மாமா?"

"நீ டியூட்டிக்குப் போனா நான் பாத்துக்கிறேன். நீ எப்ப வர்றியோ அப்ப வா. எப்ப வந்தாலும் அவ இங்க இருப்பா."

"மாமா, நீங்க நூம்பல விட்டு எங்கயும்..."

"ரயில் ஓடுது. நானா ஓடப் போறேன்?" என்றேன். கன்னியப்பன் சொன்னது இப்படி உதவும் என்று நினைக்கவில்லை.

ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்

வராந்தாவில் நின்று முருகவேலுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் பக்கத்தில் ஒலிபெருக்கிப் பாட்டு மட்டும்தான் கேட்டது.

"நைனா, அப்ப நானு?"

"உனக்கு வேலை அங்கதானே இருக்குது. லீவு கெடைச்சா ரயிலேறி வா. உனக்குச் சமைக்கத் தெரியும் இல்ல?"

"எனக்கு இன்னா தெரியும்? முட்டை அவிக்கத் தெரியும்."

"காப்பு அவுக்கிற வரைக்கும் அதுவும் கூடாது."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்து வேறு எதுவோ ஆகப் பார்த்தது.

"பாப்பா இன்னா பண்ணுது?"

"தூங்குது. அவ அம்மா தோள்ல."

"சரி நைனா," என்றான். "சரி," என்று இன்னொரு முறை சொன்னான்.

வீடு

கல்லூரி வாசலில் இளநீர் விற்றவர் வாடகைக்கு இருந்த ஒரு வீட்டுக்கு வழி சொன்னார். பூர்ணிமாவுக்கு இன்னும் இரண்டு கையெழுத்து பாக்கி இருந்தது. விழித்துவிட்ட தாரணியைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு நான் மட்டும் போனேன்.

சின்னத் தெரு. இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். தாழ்ப்பாளைத் திறந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். நெற்றி நிறையத் திருநீறு.

"எந்தூர்ல இருந்து வாரிய?"

"சென்னை பக்கம். பூந்தமல்லிகிட்ட."

"யாரு இங்கன படிக்கா?"

"மருமகள். குழந்தைகள் டாக்டருக்கு."

"மருமவளுக்காவ மாமனாரு வீடு பாக்கியளா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க வீட்டு ஐயா இருந்தாவளே, எனக்காவ ஒரு குடம் தண்ணி எடுத்ததில்ல. உள்ள வாங்க, பாருங்க."

முன்னறை, சமையலறை, பின்னால் ஓர் அறை. தரை சிவப்புச் சிமெண்டு, குளிர்ச்சியாக இருந்தது. வெளியே அவ்வளவு வெயிலுக்கு உள்ளே ஒரு பச்சை இருட்டு. பின்பக்கக் கதவைத் திறந்ததும் வாழைத் தோட்டத்திலிருந்து ஈரக் காற்று வந்து மூன்று அறைகளையும் கடந்து தெருவுக்குப் போயிற்று. நான் வழக்கம்போலக் கதவுத் தாழ்ப்பாள்களை இழுத்துப் பார்த்தேன். குழாயைத் திறந்து மூடினேன். சன்னல் கம்பிகளுக்கு நடுவே குழந்தையின் தலை நுழையுமா என்று என் முஷ்டியை வைத்துப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மாள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

தாரணி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஒவ்வோர் அறையாக ஓடினாள். ஒவ்வொன்றிலும் ஒரு கூவல் கூவி, அது எதிரொலிக்கிறதா என்று நின்று கேட்டாள். பிறகு சமையலறைத் தரையில் வயிறு படக் குப்புறப் படுத்துக்கொண்டாள். அந்தச் சிவப்புக் குளிர்ச்சி அவளுக்குப் பிடித்துவிட்டது.

பூர்ணிமா வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. சான்றிதழ்க் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றாள். வேறொருவர் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல உள்ளே எட்டிப் பார்த்தாள். இது நம் வீடா இல்லையா என்று நான் இன்னும் வீட்டுக்கார அம்மாளிடம் பேசி முடித்திருக்கவில்லை.

சமையலறையிலிருந்து தாரணி எழுந்து வந்தாள். சட்டையெல்லாம் சிவப்புத் தூசு. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அம்மாவின் காலைப் பார்த்தாள்.

"அம்மா, செருப்ப அவுத்துட்டு உள்ள வா."

பூர்ணிமா செருப்பைக் கழற்றினாள்.